ஒரே தண்டவாளம், இரண்டு எஞ்சின்கள்: மாதிரி ரயில்களில் டிஜிட்டல் கட்டுப்பாடும் ஒலியும்

ஒரே தண்டவாளத்தில் இரண்டு மாதிரி எஞ்சின்கள் நிற்கின்றன. ஒன்று புறப்பட வேண்டும், மற்றது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். நிஜ ரயிலில் இதில் சிக்கல் ஏதுமில்லை. ஒவ்வொரு எஞ்சினிலும் ஒரு டிரைவர் இருக்கிறார். மாதிரி ரயிலின் டிரைவரோ மேசையருகே நிற்கிறார். அவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருப்பவை இரண்டு உலோகத் தண்டுகள் மட்டுமே. மோட்டாருக்கு வேண்டிய மின்சாரமும் அவற்றில்தான் போயாக வேண்டும். அவர் இடும் கட்டளையும் அவற்றில்தான் போயாக வேண்டும்.

இந்த நெருக்கடியிலிருந்து வெளிவர ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக வழிகள் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றில் பல கைவிடப்பட்டன. ஒன்று உலகத் தரமாயிற்று. சில இப்போதுதான் தலைதூக்குகின்றன. கட்டுப்பாட்டின் வரலாற்றை ஒரு பக்கமும் ஒலியின் வரலாற்றை இன்னொரு பக்கமும் வைத்து எழுதுவதே இத்துறையின் வழக்கம். ஒலி ஏதோ பின்னால் சேர்த்த அலங்காரம் என்ற எண்ணம் அதில் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் டிஜிட்டல் முறையின் பலமும் பலவீனமும் புலப்படும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

மின்னழுத்தமே கட்டளையாக இருந்த காலம்

பழைய முறை எளிமையானது. தண்டவாளத்தில் 0 முதல் 12 வோல்ட் வரை நேர்மின்சாரம் செலுத்தப்படும். வோல்ட் கூடினால் வேகம் கூடும். துருவத்தை மாற்றினால் எஞ்சின் பின்னோக்கி ஓடும். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் மூன்று தண்டவாளமும் மாறுமின்சாரமும் கொண்ட வேறொரு வழியைப் பிடித்துக்கொண்டது. அதில் திசை மாற்ற, 24 வோல்ட் அளவில் ஒரு கணத் துடிப்பைக் கொடுக்க வேண்டும். இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: தண்டவாளத்தில் இருப்பது எதுவோ, அதுவே கட்டளை.

ஆகவே, அந்த டிரைவர் உண்மையில் எஞ்சினை ஓட்டவில்லை, தண்டவாளத்தை ஓட்டினார். இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்ட வேண்டுமானால் தண்டவாளத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுவிட்ச் வைத்தாக வேண்டும். ரயில் அடுத்த துண்டுக்குள் நுழையும் முன் அந்தத் துண்டைத் தன் கன்ட்ரோலருக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். பெரிய கிளப்களின் லேஅவுட்களில் இதற்காகவே சுவர் நீளத்துக்குச் சுவிட்ச் பலகைகள் இருந்தன. விளக்கும் மோட்டாரோடு சேர்ந்தே மங்கும், சேர்ந்தே பிரகாசிக்கும். நின்ற ரயிலில் விளக்கு எரியாது.

இந்த முறைக்கு ஆதரவாக இன்றும் சொல்லப்படும் வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. எஞ்சினுக்குள் மின்னணுச் சாதனம் எதுவும் இல்லாததால் பழுதாவதற்கும் அதிகம் இல்லை. 1950களில் வாங்கிய எஞ்சின் இன்றும் ஓடும். ஒரு வட்டம், ஓரிரு பக்கப் பாதைகள், ஒரே ஓட்டுநர் என்றிருக்கும் வீட்டு லேஅவுட்டுக்கு இதுவே போதும் என்பவர்கள் சொல்வது நியாயம்தான். அவர்களிடம் விடை இல்லாதது ஒலி விஷயத்தில். நின்றுகொண்டே உறுமும் டீசல் எஞ்சினை, மின்சாரம் பூஜ்யமாகிவிடும் தண்டவாளத்தில் எப்படிக் காட்டுவது?

ஆளுக்கொரு முறை

எஞ்சினுக்குள்ளேயே ஒரு பெறுகருவியை வைத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் டிஜிட்டல் யுகத்துக்கு முந்தியது. அமெரிக்காவின் லயனல் 1946-இல் வெளியிட்ட ஒரு ரயில் தொகுதியில், ரேடியோ அலைவரிசைச் சைகைகள் தண்டவாளம் வழியாகவே பெட்டிகளை எட்டின. ஒரு பொத்தானை அழுத்தினால் விசில், இன்னொன்றை அழுத்தினால் திசை மாற்றம், வேறொன்றுக்குச் சரக்குப் பெட்டி கவிழ்ந்து கொட்டும். விலை கூடுதலாக இருந்ததும் நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டியிருந்ததும் சேர்ந்து சில ஆண்டுகளிலேயே அதைச் சந்தையிலிருந்து அகற்றிவிட்டன. 1960களின் முற்பகுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் கொண்டுவந்த ‘ஆஸ்ட்ராக்’, ஐந்து எஞ்சின்களுக்கு ஐந்து அலைவரிசைகளைக் கொடுத்தது. அதுவும் நிலைக்கவில்லை.

1979-இல் பிரிட்டனின் ஹார்ன்பி வெளியிட்ட ‘ஜீரோ 1’ 16 எஞ்சின்களுக்கு எண் கொடுத்தது. கால்குலேட்டர் போன்ற விசைப்பலகையில் எண்ணை அழுத்தி எஞ்சினை அழைக்கலாம். சிப்களின் விலை இறங்கிய காலம் அது, கருத்தும் சரியானதே. தண்டவாளமும் சக்கரமும் துளி அழுக்கில்லாமல் இருந்தால்தான் கட்டளை போய்ச் சேரும் என்பது அதன் தலைவலி. 1980களின் நடுவில் மார்க்லின் தன் டிஜிட்டல் முறையை மோட்டரோலா சிப்களைக் கொண்டு அமைத்தது: 80 முகவரிகள், 14 வேகப் படிகள். டிரிக்ஸ் நிறுவனத்துக்கு ‘செலெக்ட்ரிக்ஸ்’ என்று வேறொரு முறை இருந்தது.

இந்த முயற்சிகள் எல்லாவற்றிலும் காணப்படும் குறை தொழில்நுட்பத்தைவிட வணிகத்தைச் சேர்ந்தது. ஒரு நிறுவனத்தின் எஞ்சின் இன்னொரு நிறுவனத்தின் கட்டளைக்குப் பணியாது. மாதிரி ரயில் ஒரே நாளில் வாங்கி முடிக்கும் பொருளல்ல, வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. தயாரிப்பாளர் கைவிட்டால் மொத்தச் சேகரிப்பும் முடங்கிவிடும் என்ற அச்சம் வாங்குவோருக்கு இருந்ததில் வியப்பில்லை.

1994-இன் பொதுத் தரம்

அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களின் தொடக்கத்தில் ஒரு குழு அமைத்து, அன்று சந்தையில் இருந்த முறைகளைப் பரிசீலித்தது. ஜெர்மனியின் கீசன் நகரைச் சேர்ந்த பெர்ன்ட் லென்ஸ் இரண்டு தண்டவாள ரயில்களுக்காக உருவாக்கியிருந்த முறை அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1994-இல் அது பொதுத் தரமாயிற்று. டிசிசி என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

இதன் உள்ளமைப்பு நின்று பார்க்கத் தக்கது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். ஆனால் அதன் துருவம் விநாடிக்குப் பல ஆயிரம் முறை புரண்டுகொண்டே இருக்கும். ஒவ்வொரு புரளலுக்கும் எடுக்கும் நேரத்தில்தான் செய்தி இருக்கிறது. பாதிச் சுற்றுக்கு 58 மைக்ரோவிநாடி என்றால் ‘1’. 100 அல்லது அதற்கு மேல் என்றால் ‘0’. எஞ்சினுக்குள் இருக்கும் பெறுகருவியான டீகோடர் இந்தப் புரளும் மின்சாரத்தை நேராக்கி மோட்டாருக்கு எடுத்துக்கொள்ளும். அதே புரளலின் கால அளவைப் படித்துக் கட்டளையையும் எடுத்துக்கொள்ளும். மின்சாரமே செய்தியாகிவிட்டதால், மின்சாரத்தின் மேல் தனியாக ஒரு சைகையை ஏற்றி, பிறகு அதைச் சலித்துப் பிரிக்கும் வேலை இல்லை. முந்தைய அலைவரிசை முறைகள் திணறிய இடத்தை இது சுற்றிக்கொண்டு போய்விட்டது.

ஒரு எளிய கட்டளையில் சுமார் 40 பிட்கள் உண்டு. தொடக்க அறிவிப்பு, எஞ்சின் முகவரி, என்ன செய்ய வேண்டும், கடைசியில் பிழை காணும் எண். இதை அனுப்பிமுடிக்க ஏறத்தாழ 6 மில்லிவிநாடி ஆகும். 20 எஞ்சின்கள் ஓடினால் ஒவ்வொன்றுக்கும் கட்டளை திரும்ப வருவதற்கு விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரமாகும். ஒரு கட்டளை அழுக்கில் தொலைந்தாலும் அடுத்தது வந்துகொண்டிருக்கும். கேட்கப்பட்டதா என்று பதில் எதிர்பாராமல் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பதுதான் இம்முறையின் உறுதிக்குக் காரணம். அதன் குறையும் அதுவே: எஞ்சின் பேச முடியாது.

அது பேச வேண்டிய இடம் ஒன்றுண்டு. டீகோடரின் முகவரி போன்றவற்றைக் குறிக்கும் அமைப்பு எண்களைத் தனித் தண்டவாளத்தில் வைத்துப் படிக்கும்போது, ‘ஆம்’ என்று சொல்ல டீகோடருக்கு வேறு வழியில்லாததால், மோட்டாருக்கு ஒரு கணம் மின்சாரம் கொடுக்கிறது. 6 மில்லிவிநாடி நேரம், குறைந்தது 60 மில்லிஆம்பியர். அந்த ஏற்றத்தை, கட்டளைகளை அனுப்பும் ‘கட்டளைப் பெட்டி’ உணர்ந்துகொள்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு எஞ்சின் லேசாக உதறுவது தெரியும். 1990களின் சிக்கனப் பொறியியலுக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

எஞ்சின் பேசுவதற்குப் பின்னர் வந்த ஏற்பாடுகள் இரண்டு முக்கியமானவை. லென்ஸ் முன்வைத்த ‘ரயில்காம்’, கட்டளைகளுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டு, அதில் டீகோடர் தன் முகவரியையும் நிலையையும் சொல்ல வைக்கிறது. மார்க்லினும் ஈ.எஸ்.யூ நிறுவனமும் 2004-இல் கொண்டுவந்த ‘எம்.எஃப்.எக்ஸ்’ முறையில், தண்டவாளத்தில் வைத்ததும் எஞ்சின் தானாகவே தன்னைப் பதிவு செய்துகொள்ளும். எண் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பயன்படுத்த எளிது என்ற அளவில் இரண்டாவதே மேல். ஆனால் அது ஒரு வட்டத்துக்குள் நின்றுவிட்டது. திறந்த தரம் மெதுவாக வளர்ந்தாலும் பரவலாகும், மூடிய முறை வேகமாக முன்னேறினாலும் தனித்துப்போகும் என்ற பழைய இழுபறி இங்கும் தொடர்கிறது.

இந்த இழுபறி ஒருமுறை நீதிமன்றம் வரை போயிற்று. டீகோடர் எண்களைக் கணினியில் மாற்ற உதவும் ‘ஜே.எம்.ஆர்.ஐ’ என்ற திறமூல மென்பொருளின் உரிம நிபந்தனைகள் மீறப்பட்டதாக இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் ஜேக்கப்சன் தொடுத்த வழக்கில், 2008-இல் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், அத்தகைய நிபந்தனைகளைக் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் நிலைநாட்டலாம் என்று தீர்ப்பளித்தது. திறமூல மென்பொருள் உலகம் முழுவதும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு ஒன்று மாதிரி ரயிலிலிருந்து பிறந்தது என்பது இத்துறைக்கு வெளியே அதிகம் அறியப்படவில்லை.

எஞ்சினைத் திறந்தால்

எஞ்சினில் டீகோடர் வைப்பது கடினமா என்பதற்கு இருவிதக் கருத்துகள் உண்டு. புதிய எஞ்சின்களில் 8 முனை, 21 முனை, ‘பிளக்ஸ் 22’, ‘நெக்ஸ்ட் 18’ என்று சாக்கெட்டுகள் வந்துவிட்டன. மேல்மூடியைக் கழற்றிச் செருகினால் போதும். சாக்கெட் இல்லாத பழைய எஞ்சினில் கம்பிகளை ஈயம் வைத்துப் பற்ற வேண்டும். நிறங்களுக்குப் பொது ஒப்பந்தம் இருக்கிறது: சிவப்பு வலது தண்டவாளத்துக்கு, கறுப்பு இடது தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு, நீலம் பொதுக்கம்பி.

வேலை கெடுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். பழைய எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு முனை உலோக அடிச்சட்டத்தையே தொட்டுக்கொண்டிருக்கும். அடிச்சட்டம் ஒரு பக்கச் சக்கரங்களோடு இணைந்திருக்கும். டீகோடர் வைத்த பிறகும் அந்தத் தொடர்பு மிச்சமிருந்தால், தண்டவாள மின்சாரம் மோட்டார் வழியாக டீகோடரின் வெளியீட்டுக்குள் பாயும். அது எரிந்துபோக ஒரு விநாடி போதும். ஆகவே மோட்டாரின் இரு முனைகளும் சட்டத்திலிருந்து முற்றிலும் விலகியிருக்கின்றனவா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டும். அடுத்ததாக, மோட்டார் சிக்கி நிற்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தை டீகோடர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் செய்தவருக்கு மீதி வேலை பொறுமையைத்தான் கேட்கும்.

ஒலி எங்கிருந்து வர வேண்டும்

இந்தக் கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு. ஒலி எஞ்சினுக்குள்ளிருந்தே வர வேண்டும், மேசைக்கடியில் உள்ள பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து வர வேண்டும், தேவையே இல்லை.

முதல் விடை பழையது. லயனல் 1935-லேயே எஞ்சினின் நிலக்கரிப் பெட்டிக்குள் சிறு மோட்டாரும் காற்றாடியும் வைத்து நிஜமான காற்று விசிலை ஊத வைத்தது. பின்னர் பசிபிக் ஃபாஸ்ட் மெயில் நிறுவனத்தின் முறையில், வெளியே உருவாக்கிய நீராவி ஒலி தண்டவாளம் வழியாக எஞ்சினில் இருந்த ஸ்பீக்கருக்குப் போனது. டிசிசி வந்த பிறகு கொலராடோவின் சவுண்ட்டிராக்ஸ், ஜெர்மனியின் ஈ.எஸ்.யூ, வியன்னாவின் சிமோ முதலிய நிறுவனங்கள் ஒலியையும் மோட்டார் கட்டுப்பாட்டையும் ஒரே பலகையில் இணைத்தன. 2002-இல் பிராட்வே லிமிடெட் நிறுவனம் நியூயார்க் சென்ட்ரல் ஹட்சன் எஞ்சினை ஒலியுடனே தொழிற்சாலையிலிருந்து அனுப்பியது. அமெரிக்கச் சந்தையில் அதன் பிறகு ஒலி இல்லாத எஞ்சினே விதிவிலக்காகத் தொடங்கியது எனலாம். லயனலின் பெரிய அளவு ரயில்களில் 1990களின் நடுவில் வந்த கட்டுப்பாட்டு முறைக்குப் பின்னால் பாடகர் நீல் யங் இருந்தார். பெருமூளை வாதம் கொண்ட தன் மகனும் ரயிலை இயக்க முடிய வேண்டும் என்ற நோக்கில் அவர் தொடங்கிய வேலை அது.

ஒலி வந்ததும் கட்டுப்பாட்டிடம் கேட்கப்படுவதே மாறிவிட்டது. அதிகம் கவனிக்கப்படாத பகுதி இதுதான். இரண்டு சிலிண்டர் நீராவி எஞ்சின், சக்கரம் ஒருமுறை சுழன்றால் நான்கு முறை ‘ச்சுக்’ என்று வெளியேற்றும். நம் அகல ரயில் பாதைகளில் ஓடிய டபிள்யூ.பி எஞ்சினின் இயங்கு சக்கரம் சுமார் 1.7 மீட்டர் விட்டம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது விநாடிக்கு 12 முறைக்கு மேல் வெளியேற்றும். காதுக்கு அது ஒரே இரைச்சலாகக் கலந்துவிடும். ஸ்டேஷனைவிட்டுப் புறப்படும்போதோ ஒவ்வொரு ‘ச்சுக்’கும் தனித்தனியாகக் கேட்கும். அங்கே சக்கரமும் ஒலியும் ஒத்துப்போகாவிட்டால், யாரும் சொல்லாமலே தப்பு தெரிந்துவிடும். அச்சில் ஒரு தொடுமுனை வைத்தோ, ஓடும் மோட்டார் திருப்பித் தரும் மின்னழுத்தத்தை அளந்தோ டீகோடர் சக்கரத்தின் சுழற்சியைத் தெரிந்துகொள்கிறது. மோட்டாரைச் சீராக ஓட்டவும் இதே அளவீடுதான் பயன்படுகிறது. அந்த வகையில் ஒலியும் ஓட்டமும் ஒரே கணக்கின் இரு பயன்கள்.

டீசலில் கதை தலைகீழ். அதில் எஞ்சினின் உறுமலுக்கும் ரயிலின் வேகத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. பாரமான சரக்கு ரயில் நகரத் தொடங்கும் முன்பே எஞ்சின் உச்சத்தில் கத்தும். இறக்கத்தில் ரயில் வேகமாக ஓடும்போது எஞ்சின் முனகிக்கொண்டிருக்கும். இதைக் காட்ட, வேகத்தையும் உறுமலையும் பிரித்து ஓட்டும் வசதியும் தனி பிரேக்கும் டீகோடரில் வந்தன. வேகக் குமிழைக் குறைத்தாலும் ரயில் தன் கனத்தில் உருண்டுகொண்டே போகும். பிரேக் போட்டால்தான் நிற்கும். இப்படி ஓட்டிப் பழகியவர் பழைய கன்ட்ரோலருக்குத் திரும்புவது கடினம். ஒலியின் உண்மையான மதிப்பு காதுக்கு இனிமை தருவதைவிட, ஓட்டுபவரை டிரைவராக்குவதில்தான் இருக்கிறது.

சின்ன ஸ்பீக்கரின் எல்லை

மேசைக்கடி ஸ்பீக்கர் என்ற இரண்டாம் விடையின் பலம் இயற்பியலில் உள்ளது. வாராணசியில் தயாரான டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்சினில் இருந்தது அமெரிக்க ஆல்கோ வடிவமைப்பின் 16 சிலிண்டர் 251 ரகம். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 400 சுற்று, முழு வீச்சில் 1000. நான்கு வீச்சு எஞ்சின் என்பதால் ஒரு சுற்றுக்கு எட்டு முறை எரியும். அப்படியானால் அடிப்படை அதிர்வெண் 53 முதல் 133 ஹெர்ட்ஸ் வரை. எச்.ஓ (1:87) அளவு எஞ்சினுக்குள் வைக்கக்கூடிய 11×15 மில்லிமீட்டர் ஸ்பீக்கரோ சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. ஜன்னல் கம்பிகள் அதிரும் அந்த உறுமலின் அடிநாதத்தை அது தரவே முடியாது.

ஆனாலும் அது ஆல்கோ என்று அடையாளம் தெரிகிறது. அடிநாதம் இல்லாமல் அதன் மடங்கு அதிர்வுகள் மட்டும் கேட்டாலும், விடுபட்டதை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். செவிப்புலன் ஆய்வில் நன்கு அறியப்பட்ட இயல்பு இது. ஒலி தயாரிப்பவர்களும் தாழ்ந்த அதிர்வுகளை வெட்டிவிட்டு நடு அதிர்வுகளைத் தூக்கி வைக்கிறார்கள். ஸ்பீக்கரின் பின்புறம் காற்றுப் புகாத சிறு கூடு வைப்பது அதைவிட முக்கியம். கூடு இல்லாவிட்டால் முன்னால் போகும் அலையைப் பின்னால் போகும் அலை தின்றுவிடும். விலையுயர்ந்த டீகோடர் வைத்தும் ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால், பெரும்பாலும் காரணம் கூட்டின் விளிம்பில் விட்ட மெல்லிய இடைவெளியாகத்தான் இருக்கும்.

மேசைக்கடியில் பெரிய ஸ்பீக்கர் வைத்தால் அடிநாதம் கிடைக்கும், ஆனால் ஒலி எஞ்சினோடு நகராது. ரயில் போகப் போக ஒலியை ஒரு ஸ்பீக்கரிலிருந்து அடுத்ததற்கு மாற்றும் ஏற்பாட்டை சவுண்ட்டிராக்ஸ் செய்து பார்த்தது. தாழ்ந்த அதிர்வுகள் எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்பதைக் காது சரியாகக் கண்டுகொள்ளாது என்பதால், அடிநாதத்தை மட்டும் மேசைக்குக் கீழும் மற்றதை எஞ்சினிலும் வைப்பது ஏற்கத்தக்க சமரசமாகத் தோன்றுகிறது. பரவலாக இன்னும் அது வரவில்லை.

ஒலியே வேண்டாம் என்பவர்களின் வாதத்தில் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. 1:87 அளவில், ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது நிஜத்தில் 87 மீட்டர் தொலைவுக்குச் சமம். அந்தத் தொலைவில் கேட்கும் அளவுக்கே ஒலி இருக்க வேண்டும். ஆனால் கடையில் வரும் டீகோடர்கள் முழுச் சத்தத்தில்தான் வருகின்றன. பத்து எஞ்சின்கள் ஒரே அறையில் கத்தினால் சந்தைக்கடைதான். அவர்களின் எரிச்சலுக்கு ஒலியைவிட அதன் அளவே காரணம் என்று கொள்ள இடமுண்டு.

தண்டவாளத்தை விட்டு விலகும் வழி

தண்டவாளத்தில் செய்தியை அனுப்புவதே தவறு என்று ஒரு புதிய தரப்பு சொல்கிறது. கைபேசியிலிருந்து புளூடூத் வழியாக எஞ்சினுக்கு நேரே கட்டளை போகட்டும். தண்டவாளம் மின்சாரம் மட்டும் தரட்டும். ஹார்ன்பி 2023-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘எச்.எம்.7000’ வரிசை இந்த வழியைச் சேர்ந்தது. அதன் டீகோடர்கள் டிசிசியையும் புரிந்துகொள்ளும் என்பது நல்ல முன்யோசனை. இன்னும் ஒரு படி மேலே போய், பேட்டரியை எஞ்சினுக்குள் வைத்துத் தண்டவாளத்தை வெறும் பாதையாக்கிவிடுபவர்களும் உண்டு. 45 மில்லிமீட்டர் பாதையில் வெயிலிலும் மழையிலும் ஓடும் தோட்ட ரயில்களுக்கு இது பொருந்திவிட்டது. 9 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் ‘என்’ (N) அளவு எஞ்சினில் பேட்டரிக்கும் ஸ்பீக்கருக்கும் சேர்த்து இடம் கிடைப்பது அரிது.

இத்தரப்பின் பலவீனம் 1980களை நினைவூட்டுகிறது: ஒரு நிறுவனத்தின் செயலி மற்றொரு நிறுவனத்தின் எஞ்சினை அறியாது. 1994-இல் வந்த டீகோடர் இன்றைய கட்டளைப் பெட்டிக்குப் பதில் சொல்லும். இன்றைய செயலி முப்பது ஆண்டு கழித்து வரும் கைபேசியில் இயங்குமா என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது. சந்தையின் மறுமுனையில், அர்டுயினோ பலகையில் சொந்தமாகக் கட்டளைப் பெட்டி செய்துகொள்ள உதவும் ‘டிசிசி-இஎக்ஸ்’ போன்ற திறமூல முயற்சிகள் பழைய தரத்துக்கே புதிய ஆயுளைக் கொடுத்துவருகின்றன.

இன்னும் தீராதவை

கட்டளை எப்படிப் போனாலும், பேட்டரி இல்லாத எஞ்சினுக்கு மின்சாரம் சக்கரம் வழியாகத்தான் வர வேண்டும். மோட்டார் மட்டும் இருந்த காலத்தில், அழுக்கு படிந்த இடத்தில் ஒரு கணம் தொடர்பு அறுந்தால் சுழல் சக்கரத்தின் வேகத்தில் எஞ்சின் தாண்டிவிடும், யாருக்கும் தெரியாது. ஒலி டீகோடரில் அதே அறுபடல், ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று ஊமையாகி, மறுபடி முதலிலிருந்து ஸ்டார்ட் ஆகும் சத்தமாகக் கேட்கிறது. எப்போதும் இருந்த குறையை ஒலி காதில் போட்டுவிட்டது. கெப்பாசிட்டர் வைத்து ஓரிரு விநாடி தாக்குப்பிடிக்க வைப்பது இன்றைய மருந்து. அது பெரும்பாலும் வேலை செய்கிறது. ஆனால் இடத்தை அடைக்கிறது. சில சேர்க்கைகளில் அமைப்பு எண்களைப் படிக்கும் அந்தச் சிறு மின்னோட்டத் துடிப்பையும் மறைத்துவிடுகிறது.

எஞ்சினுக்குத் தான் எங்கே இருக்கிறது என்பது தெரியாமல் இருப்பது இதைவிடப் பெரிய கேள்வி. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் உயரழுத்த சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்யும். கல்லாறு தாண்டிப் பற்சக்கரப் பாதை தொடங்கியதும் அவற்றிலிருந்து வெளிவரும் நீராவி தாழ்வழுத்த சிலிண்டர்களுக்குப் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றும். வெளியேற்றும் ஒலியே வேறாகிவிடும். இந்த மாற்றத்தை மோட்டாரின் மின்னழுத்தமும் சொல்லாது, அச்சின் தொடுமுனையும் சொல்லாது. பாதையின் எந்த இடம் என்பதை லேஅவுட்தான் சொல்ல வேண்டும். ரயில்காம் போன்ற இருவழித் தொடர்பும் தண்டவாள உணரிகளும் இதற்கான பாகங்களைத் தருகின்றன. பாலத்தில் ஓடும்போதும் சுரங்கத்துக்குள் நுழையும்போதும் ஒலி மாறுவதற்கும் இவையே தேவை.

அறிவையெல்லாம் எஞ்சினுக்குள் கொண்டுசெல்வதே நாற்பது ஆண்டுகளாக நடந்துவந்த போக்கு. இடம் சார்ந்த ஒலி வேண்டுமென்றால் அதில் ஒரு பகுதி மீண்டும் லேஅவுட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கலாம். அந்தப் பங்கீட்டுக்கு எல்லா நிறுவனங்களும் ஏற்கும் ஒரு பொது மொழி அமையுமா, அல்லது 1994-க்கு முந்தைய நிலைபோல் ஆளுக்கொரு முறையாகப் பிரியுமா என்பது தரக் குழுக்கள் அடுத்த சில ஆண்டுகளில் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தது.